எங்கும் போகாதவர்கள் எதற்காக உடுத்திக்கொண்டார்கள்?

2020 ஏப்ரல் கடைசியில், கொரோனா ஊரடங்கின்போது, ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் மனு காணொலி வழியே விசாரணைக்கு வந்தது. மனுதாரரின் வழக்கறிஞர் பனியனோடு திரையில் தோன்றினார். நீதிபதி வழக்கை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்துவிட்டார். ஜூன் மாதம் உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கறிஞர் டி-ஷர்ட்டோடு கட்டிலில் சாய்ந்தபடி ஆஜராகி, பிறகு மன்னிப்புக் கேட்டார். இந்த இரண்டுக்கும் நடுவே, மே 13 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. கறுப்புக் கோட்டும் கவுனும் இப்போதைக்கு வேண்டாம். வெள்ளைச் சட்டையோ, வெள்ளை சல்வார் கமீஸோ, வெள்ளைச் சேலையோ போதும். ஆனால் கழுத்தில் வெள்ளைப் பட்டை இருக்க வேண்டும். கோட்டை விட்டுக்கொடுத்தவர்கள் பட்டையை விடவில்லை.

சம்பிரதாயப் பிடிவாதம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வழக்கறிஞர் தன் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. நீதிமன்றம் என்று காட்ட அங்கே கட்டடம் இல்லை, டவாலி இல்லை, எழுந்து நிற்கும் கூட்டம் இல்லை. இப்போது நான் வீட்டு ஆள் இல்லை, வேலையில் இருக்கிறேன் என்று தனக்கும் எதிராளிக்கும் சொல்வதற்கு மிச்சமிருந்தது அந்தத் துண்டுத் துணி மட்டும்தான்.

அந்த வருஷம் உலகம் முழுக்க ஜனங்கள் வீட்டுக்குள் இருந்துகொண்டே விதவிதமாக உடுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் ஹெர்வி பே என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு வேடிக்கை கிளம்பியது. குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளிவைக்கப் போவதுதான் வாரத்தில் ஒருமுறை வாசலைத் தாண்டும் சாக்கு என்றால், அதற்கே கல்யாண கவுன் போட்டுக்கொண்டு போவோமே என்று ஆரம்பித்து, ஏராளமானோர் படம் எடுத்துப் போட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகம், வீட்டில் கிடக்கும் சாமான்களை வைத்துப் புகழ்பெற்ற ஓவியங்களைப் போலவே வேடம் போடச் சொன்னது. நம் பக்கம் சேலைச் சவால் வந்தது. கல்யாணங்கள் எல்லாம் தள்ளிப்போனதால் பீரோவில் முடங்கிக் கிடந்த பட்டுச்சேலையைக் கட்டி, மொட்டைமாடியில் நின்று படம் எடுத்து, அடுத்து நீ கட்டு என்று தோழியை இழுத்துவிட்டார்கள். ஊர் பற்றி எரியும்போது இதெல்லாம் தேவையா என்று கடிந்தவர்களும் உண்டு. நெடுஞ்சாலையில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்கு நடந்தே போன தொழிலாளர்களின் படம் அதே கைபேசியில் அடுத்ததாக வரும்போது, அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டில் இருப்பதே ஒரு வசதியாக இருந்த காலம் அது.

ஆனாலும் இந்தக் கூத்துக்கு அடியில் கூத்தில்லாத ஒரு காரணம் இருந்தது. உடை என்பதைவிட அது பொழுது பற்றிய விஷயம்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு வந்தது. அன்று இரவு பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். அது ஏப்ரல் 14 வரை என்றார்கள், பிறகு மே 3, மே 17, மே 31 என்று இழுத்துக்கொண்டே போனது. சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் ஜூன் 19 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. அதற்குள் எல்லா வீடுகளிலும் ஒரு கேள்வி சகஜமாகிவிட்டிருந்தது: “இன்னிக்கு என்ன கிழமை?” அதுவரை கிழமையையும் நேரத்தையும் நாம் நினைவில் வைத்திருந்ததாக நம்பிக்கொண்டிருந்தோம். உண்மையில் ஊர்தான் நமக்காக அதைச் செய்துகொண்டிருந்தது. பள்ளி வேனின் ஹாரன், தவறவிட்டால் அடுத்த அரை மணி நேரம் நிற்கவேண்டிய பஸ், நாலு மணி டீ, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை வரிசை, வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும் அந்த நிமிஷம். இதெல்லாம் நாளின் கணுக்கள். ஒரே நாளில் அத்தனையும் உதிர்ந்தன.

மனித உடலுக்கு வெளிக்குறிப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. மிஷேல் சிஃப்ரே என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1962 ஜூலையில் ஆல்ப்ஸ் மலையில் ஓர் ஆழமான பனிக்குகைக்குள் கடிகாரமும் நாட்காட்டியும் இல்லாமல் இறங்கினார். தூங்கும்போதும் விழிக்கும்போதும் மேலே இருப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்வார். அவர்கள் நேரத்தைச் சொல்ல மாட்டார்கள், குறித்துக்கொள்வதோடு சரி. செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது, அவருடைய கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. விசேஷம் என்னவென்றால், மேலே குறித்துவைத்த கணக்குப்படி அவர் உடல் ஏறக்குறைய 24 மணி நேரச் சுற்றிலேயே, கொஞ்சம் கூடுதலாக, தூங்கி விழித்திருக்கிறது. உடம்பு நாளைத் தொலைக்கவில்லை, மனசுதான் இருபத்தைந்து நாளைத் தொலைத்திருந்தது.

உடம்பின் இந்தக் கடிகாரம் மூளையில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறிய நரம்பணுத் திரளாக இருக்கிறது. உயிரணுவுக்குள் அது எப்படி ஓடுகிறது என்று கண்டுசொன்ன மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது. தானாக விட்டால் அது பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைச் சற்றே தாண்டி ஓடும். தினமும் காலை வெளிச்சம் அதை 24 மணி நேரத்துக்குச் சரிசெய்கிறது. வெளிச்சம்தான் முதல் குறிப்பு, ஆனால் அது மட்டும் இல்லை. சிண்டி எய்லர்ஸ், எலன் ஃபிராங்க், டேவிட் குப்ஃபர் ஆகியோர் 1988இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: வேலைக்குக் கிளம்புவது, ஒருவரோடு சேர்ந்து சாப்பிடுவது போன்ற சமூக நிகழ்வுகளும் உடலின் தாளத்தைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. வேலை போனாலோ, கூட வாழ்ந்தவர் இறந்தாலோ, துக்கத்தோடு அந்தத் தாளமும் அறுந்துபோகிறது. எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களை அதுவே மனச்சோர்வுக்குள் தள்ளிவிடலாம் என்றார்கள். இந்த வழியில் உருவான சிகிச்சையில் நோயாளி ஐந்து நேரங்களைத் தினமும் குறித்துவர வேண்டும். படுக்கையை விட்டு எழுந்தது, முதல் மனிதரோடு பேசியது, வேலையைத் தொடங்கியது, இரவு உணவு, படுக்கப் போனது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஊரடங்கில் இந்த ஐந்துமே ஆட்டம் கண்டன.

கொரோனா காலத்துத் தூக்க ஆய்வுகளில் ஒரு முரண் தெரிகிறது. ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மக்களிடம் 2020 வசந்த காலத்தில் எடுத்த ஓர் ஆய்வில், ஜனங்கள் முன்னைவிட அதிக நேரம் தூங்கியிருந்தார்கள். அலாரம் அடித்து எழுப்பும் வேலைநாளுக்கும் விடுமுறை நாளுக்கும் இடையிலான இழுபறியும் குறைந்திருந்தது. அப்படியானால் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும் அல்லவா? தூக்கத்தின் தரம் சற்றே குறைந்ததாகத்தான் அவர்கள் சொன்னார்கள். வீட்டுக்குள்ளேயே இருந்ததில் வெயில் படவில்லை, உடம்பு அசையவில்லை, கவலை வேறு. பிரிட்டனில் உளவியலாளர் ரூத் ஆக்டன் அதே வருஷ ஏப்ரலில் கேட்டுப் பார்த்தபோது, நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பொழுது வழக்கம்போல ஓடவில்லை என்றார்கள். சிலருக்குப் பறந்தது, சிலருக்கு நகரவே இல்லை.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒரு நாளைக்கு 16 முறை சூரியன் உதிக்கிறது. வெளிச்சத்தை நம்பி அங்கே வாழ முடியாது. கிரீன்விச் நேரத்தை வைத்துக்கொண்டு அட்டவணைப்படிதான் எழுவது, வேலை, சாப்பாடு. அங்கே தொடர்ந்து 340 நாள் இருந்த ஸ்காட் கெல்லி, 2020 மார்ச்சில் வீடடைந்து கிடந்தவர்களுக்கு எழுதிய கட்டுரையில் முதலில் சொன்னதும் அட்டவணையைத்தான். உலக சுகாதார நிறுவனம் அதே மாதம் வெளியிட்ட மனநலக் குறிப்புகளிலும், அன்றாட ஒழுங்கை முடிந்தவரை காப்பாற்றுங்கள், முடியாவிட்டால் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுங்கள் என்று இருந்தது.

உண்டாக்கிக்கொள்ள முடியாதவர்கள் இரவல் வாங்கினார்கள். மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் பழைய ராமாயணத் தொடரைக் காலை 9 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒளிபரப்பியது. எதையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றிருந்த காலத்தில், கோடிக்கணக்கானோர் மணி பார்த்து உட்கார்ந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த இடத்தைப் பிடித்தது மாலை நேரச் செய்தியாளர் சந்திப்பு. அப்போதைய சுகாதாரத் துறைச் செயலர் பீலா ராஜேஷ் அன்றைய எண்ணிக்கையை வாசிக்கும் வரை பல வீடுகளில் சாயங்காலம் சாயங்காலமாக இல்லை. அவர் உடுத்திவந்த சேலைகளைப் பற்றிச் சமூக ஊடகங்களில் தனிப் பேச்சே நடந்தது. சாவு எண்ணிக்கை சொல்லும்போது சேலையைப் பார்க்கிறார்களே என்று திட்டினார்கள். ஒரு பெண் அதிகாரியின் அறிவை விட்டுவிட்டு உடையைப் பேசும் பழைய வழக்கம் அதில் இருந்தது, மறுப்பதற்கில்லை. கூடவே இன்னொன்றும் இருந்தது என்பது என் எண்ணம். எல்லாமே குலைந்த ஒரு சமயத்தில், தினமும் குறித்த நேரத்துக்கு ஒருவர் திருத்தமாக உடுத்தி வந்து நிற்பதே ஒரு தைரியம்.

சரி, உடைக்கு உண்மையில் அப்படி ஒரு சக்தி உண்டா? ‘ஆள் பாதி ஆடை பாதி’ என்பதை ஆய்வுக்கூடத்தில் நிரூபித்துவிட்டார்கள் என்று ஊரடங்கின்போது பலரும் பகிர்ந்த ஓர் ஆய்வு உண்டு. ஹயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் 2012இல் வெளியிட்டது. வெள்ளைக் கோட்டு ஒன்றை டாக்டர் கோட்டு என்று சொல்லிப் போட்டுவிட்டால் கவனம் கூடுகிறது, அதே கோட்டை ஓவியர் கோட்டு என்று சொன்னால் கூடவில்லை என்றார்கள். பிரமாதமான கதை. ஆனால் 2019இல் வேறொரு குழு அதன் முதல் சோதனையை இன்னும் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே நல்ல சட்டை போட்டால் மூளை கூர்மையாகிவிடும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

மனச்சோர்வுக்கான சிகிச்சையிலிருந்து வரும் விளக்கம் இதைவிட உறுதியானது. 1970களில் பீட்டர் லெவின்சோன் போன்றவர்கள் தொடங்கிவைத்த ஒரு வழி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. மனசு சரியானதும் குளிக்கலாம், மனசு சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருப்பவரிடம், முதலில் குளியுங்கள், மனசு பின்னாலேயே வரும் என்று சொல்லும் வழி. சின்னச் சின்னச் செயல்களை நேரம் குறித்துச் செய்யவைப்பார்கள். இந்தப் பார்வையில் இஸ்திரி போட்ட சட்டைக்குத் தனி மகிமை ஏதும் இல்லை. அதைப் போடுவதற்கு முன் பல் தேய்க்க வேண்டும், குளிக்க வேண்டும், தலை வார வேண்டும், அதற்கெல்லாம் முன்னால் எழுந்திருக்க வேண்டும். சட்டையைப் பிடித்து இழுத்தால் அந்தச் சங்கிலி முழுக்கக் கூட வந்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. விளக்கு வைக்கிற நேரம். ஆறு மணி நெருங்கும்போது பாட்டி குரல் கொடுப்பாள்: “மூஞ்சி கழுவி, தலை வாரி, வேற பாவாடை மாத்திக்கடி, விளக்கேத்தணும்.” வாசல் தெளித்துச் சின்னதாக ஒரு கோலம், நெற்றியில் பொட்டு, கொண்டையில் துளி மல்லி. இந்த அலங்காரம் எங்கும் போவதற்காக இல்லை. யாரும் வரப்போவதும் இல்லை. பகல் முடிந்தது, இது வேறு பொழுது என்று வீடு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. வாரத்துக்கும் அப்படி அடையாளம் உண்டு. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும் எண்ணெய்க் குளியல். சீயக்காய் வாசனை வந்தால் நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம். டி.வி. சீரியல் வந்ததும், மாலை ஏழு மணி வரை வேலை என்றானதும் இந்த வழக்கத்தைத் தேய்த்துவிட்டன. ஊரடங்கில் பலர் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசிய ‘மாலை நேர ஒழுங்கு’ நம் திண்ணையிலேயே இருந்ததுதான்.

மதுரையில் அது வேறு விதமாகத் தெரிந்தது. சித்திரைத் திருவிழா ரத்து. அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் மே 4 அன்று காலை கோயிலுக்குள் சில சிவாச்சாரியார்களை வைத்து நடந்து, நேரலையாக வந்தது. அந்த முகூர்த்தத்தில் சுமங்கலிகள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது வழக்கம். அந்த வருஷம் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். பெண்கள் விடிகாலையில் தலைக்குக் குளித்து, பட்டு உடுத்தி, மஞ்சள் கயிறும் குங்குமமும் தட்டில் வைத்துக்கொண்டு, டி.வி. பெட்டிக்கு முன்னால் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். திரையில் மங்கல நாண் ஏறியபோது இங்கே கயிறு மாறியது. நைட்டியோடு அதைச் செய்திருந்தால் யாரும் பார்த்திருக்கப் போவதில்லை. ஆனாலும் செய்ய மாட்டார்கள்.

நைட்டி என்றதும் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘வீட்டிலிருந்தாலும் திருத்தமாக உடுத்துங்கள்’ என்ற அறிவுரை பெரும்பாலும் ஆபீஸ் போய்வந்தவர்களுக்காக எழுதப்பட்டது. வீட்டையே வேலையிடமாகக் கொண்ட பெண்ணுக்கு நைட்டிதான் வேலை உடுப்பு. கேட்டில் யாராவது மணி அடித்தால் தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். சமையலுக்கும் துவைக்கவும் அது வசதி. அதைக் கேவலம் என்று பேசுவது சுலபம், தடைபோடுவதும் சுலபம். ஆந்திராவின் தோக்கலபள்ளி கிராமத்தில் 2018இல் பகலில் பெண்கள் நைட்டி அணிந்தால் 2,000 ரூபாய் அபராதம் என்று ஊர்ப் பெரியவர்கள் விதித்தது செய்தியானது. ஒழுங்கு என்ற பேச்சு பெண் உடுப்புப் பக்கம் திரும்பும்போது எப்போதும் சற்று உஷாராக இருக்க வேண்டியிருக்கிறது.

அதோடு, ஒழுங்கு சும்மா வருவதில்லை. ஒரு குடும்பம் எட்டு மணிக்கு டிபன், ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்குக் காபி என்று நேரம் தவறாமல் இருந்தால், அந்த நேரத்தை அடுப்படியில் ஒருவர் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறார். இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். இது ஊரடங்குக்கு முந்தைய கணக்கு. பிறகு எல்லோரும் வீட்டில், மூன்று வேளையும் வீட்டில், வேலைக்கார அம்மாவும் வர முடியாது. வெளியே போய் வந்தவரின் சட்டைக்கென்று வாசலிலேயே சோப்புத் தண்ணீர் பக்கெட் வைத்திருந்தோமே, அந்தத் துணியை அலசிப் போட்டது யார் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பார்த்தால் போதும்.

எல்லைக்கோட்டை உடை எவ்வளவு தூரம் சுமக்கிறது என்பது 2021 மேயில் கசப்பாகத் தெரியவந்தது. சென்னைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் மீது மாணவிகள் பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார்கள். இணைய வகுப்புக்கு அவர் துண்டோடு வந்தார் என்பதும் அவற்றில் ஒன்று. அதன்பின் தமிழக அரசு இணைய வகுப்புகளுக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. வகுப்பறையில் இருப்பதைப் போலவே ஆசிரியரும் மாணவரும் உடுத்த வேண்டும் என்பது அதில் இருந்தது, வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும். பள்ளிக்கூடத்தில் சுவரும் மேசையும் வராந்தாவில் நடக்கும் தலைமையாசிரியரும் கொடுத்த பாதுகாப்பு, குழந்தையின் படுக்கையறைக்குள் கைபேசி வழியே ஓர் ஆள் வரும்போது இல்லை. மிச்சமிருந்தவற்றில் உடையும் ஒன்று, அதையும் ஒருவர் களைந்துவிட்டால் அது அலட்சியம் என்ற கணக்கில் அடங்காது.

சந்தை இதையெல்லாம் தன் பாணியில் புரிந்துகொண்டது. முதலில் படுத்தது எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டி. மேசையில் கரிப்பெட்டி ஆறிக் கிடக்க, அந்த அண்ணன் கொஞ்ச நாள் காய்கறி விற்றார். பெரிய இடங்களிலும் அதே கதைதான். 1818இல் தொடங்கி, அமெரிக்க ஜனாதிபதிகள் பலருக்குச் சூட் தைத்துக்கொடுத்த புரூக்ஸ் பிரதர்ஸ் 2020 ஜூலையில் திவால் மனு போட்டது. அதே வருஷ மார்ச்சில் வால்மார்ட்டின் உயரதிகாரி ஒருவர், மேல்சட்டைகள் அதிகம் விற்கின்றன, கீழே போடுவது விற்கவில்லை என்றார். கேமரா நெஞ்சு வரைதான் காட்டும் அல்லவா. நம் ஆட்கள் லுங்கிக்கு மேல் ஃபார்மல் சட்டை போட்டு மீட்டிங்கில் உட்கார்ந்ததும் இதே கணக்குதான், எழுந்து சார்ஜர் எடுக்கப் போகும்வரை.

பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் விலைவாசியை அளக்க ஒரு கற்பனைக் கூடை வைத்திருக்கிறது. ஜனங்கள் வழக்கமாக வாங்கும் பொருள்கள் அதில் இருக்கும், வருஷா வருஷம் திருத்துவார்கள். 2021இல் வீட்டில் போடும் தொளதொளப்பான ஆண்கள் கால்சட்டை கூடைக்குள் வந்தது, கை கழுவும் ஜெல்லும் கூடவே வந்தது. 2022இல் ஆண்களின் சூட்டை வெளியே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக வைத்தது தனியாகப் போடும் ஒரு கோட்டு அல்லது பிளேசர். அதற்குக் கீழே என்ன போடுவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.